பலாப்பால் போட்டு ஒட்டிய பை

கூச்ச சுபாவம் உள்ளவனுக்குக் கடவுள் முழங்காலில் நோய் கொடுக்கமாட்டார். முழங்கால் என்றால் ஊரெல்லாம் காட்டலாம், நாலு பேர் நாலு தைலம் சொல்லிவிட்டுப் போவார்கள். கூச்சக்காரனுக்கென்று தேடிப் பிடித்து, வாயால் சொல்ல முடியாத இடமாகப் பார்த்துத்தான் கொடுப்பார். எனக்கு மூத்திரப்பையில் கொடுத்தார்.

நான் எப்படிப்பட்ட கூச்சக்காரன் என்று சொல்லிவிடுகிறேன். பஸ்ஸில் நான் இறங்க வேண்டிய இடம் வந்தால் நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுக்கமாட்டேன். வேறு யாராவது இறங்கும்வரை உட்கார்ந்திருந்து, அங்கிருந்து திரும்பி நடந்து வருவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்குக்கூட, கேள்வி கேட்டால் எழுந்து நிற்க வேண்டுமே என்ற பயம்தான் காரணம். (மாடு மேய்க்க ஆளில்லை என்பது எங்கள் அப்பா சொன்ன காரணம். அவரும் கூச்சக்காரர்தான்.)

சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புற்று என்று சொல்லி மூத்திரப்பையை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாகக் குடலில் ஒரு துண்டை வெட்டி, தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு வாசல் வைத்தார்கள். பார்ப்பதற்கு நன்றாகப் பழுத்த காப்பிப் பழம் போலச் சிவப்பாக இருக்கும், கொஞ்சம் பெரிது. அதைச் சுற்றி வட்டமாக ஒரு தட்டை ஒட்ட வேண்டும். தட்டில் ஒரு பை. பையின் அடியில் ஒரு குட்டிக் குழாய். நிறைந்தால் திறந்துவிட வேண்டும். அவ்வளவுதான். எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டியும் இதே மாதிரிதான், அதில் குழாய் மட்டும் வேலை செய்யாது.

ஊருக்குக் கிளம்பும்போது ஒரு நர்சம்மா பொறுமையாகச் சொன்னார்: "எப்பவும் போல இருக்கலாங்கய்யா. காட்டு வேலை செய்யலாம், பஸ்ல போகலாம், விசேஷத்துக்கெல்லாம் போகலாம்."

விசேஷத்துக்கு நான் மூத்திரப்பை இருந்த காலத்திலேயே போனதில்லை என்று அவரிடம் சொல்லக் கூச்சமாக இருந்தது. தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

கொல்லிமலையில் பைல் நாடு என்கிற பகுதியில் இருக்கும் எங்கள் ஊரில் யாருக்கும் விஷயத்தைச் சொல்லவில்லை. சிறுநீரகக் கல், எடுத்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்தேன். கல் எவ்வளவு பெரிது என்று கேட்டார்கள். முதலில் புளியங்கொட்டை அளவு என்றேன். அதற்குப் போய் வயிற்றைக் கிழிப்பார்களா என்றார்கள். பலாக்கொட்டை அளவு என்று மாற்றினேன். பக்கத்து வீட்டுத் துரைசாமி அண்ணன் அந்தக் கல்லைப் பார்க்காமல் விடுவதில்லை என்று நின்றார். வேறு வழியில்லாமல் ஓடையில் ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி வந்து காட்டினேன். அவர் அதை உள்ளங்கையில் உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, "கருப்பா இருக்குதே. மொளவு நெறையத் தின்னுட்டீங்களாட்டம்" என்றார்.

இன்னொரு தொல்லை, பை சத்தம் போடும். உட்கார்ந்தால் சரசர, எழுந்தால் சரசர. அந்தச் சத்தத்தை மறைக்க நான் இருமுவேன். உட்காரும்போதும் எழும்போதும் மட்டும் இருமுகிற ஆளை ஊர் சும்மா விடுமா? காசநோய் என்று முடிவு கட்டி, ஆளுக்கு ஒரு செம்பு ஆடாதோடைக் கஷாயம் கொண்டுவந்தார்கள். மறுக்கக் கூச்சப்பட்டு எல்லாவற்றையும் குடித்தேன். குடித்தால் பை நிறைந்தது. நிறைந்த பையோடு எழுந்தால் சத்தம் அதிகமானது. அதிகமாக இருமினேன்.

இப்படி இருக்கும்போதுதான் என் மகள் கோமதியைக் கேட்டு, எங்கள் மலையிலேயே இருக்கும் குண்டூர் நாட்டிலிருந்து ஆள் வந்தார்கள். பையன் வீடுகளுக்குக் கரண்டு வேலை செய்து கொடுப்பவன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஒயர் இழுக்க வந்த இடத்தில் இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிருந்தது. பெரியவர்கள் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் பெண் கேட்டு வருகிறவர்கள் இரண்டு விஷயத்தை விசாரிக்காமல் வெற்றிலையைத் தொடமாட்டார்கள். அம்மாவின் வாய், அப்பனின் உடம்பு. என் மனைவி பாப்பாயிக்கு வாய் நல்ல வாய். மாட்டிக்கொண்டது நான்தான். பெண்ணின் அப்பனுக்குப் புற்று, வயிற்றில் பை தொங்குகிறது என்று தெரிந்தால் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் பயந்தேன்.

"சொல்லிப்போடலாமுங்க" என்றாள் பாப்பாயி.

"கல்யாணம் முடியட்டும்."

"அப்பறம் பேரன் பொறக்கட்டும்பீங்க. அவன் பள்ளிக்கூடம் போகட்டும்பீங்க."

கோமதி அருகில் வந்து, "நான் வேணா சொல்லட்டுங்களாப்பா?" என்றாள்.

"சொன்னீன்னா நான் காட்டுக்குள்ள போயிருவேன் சாமி" என்றேன். அவள் அம்மாவைப் பார்த்தாள். அவள் அம்மா கூரையைப் பார்த்தாள்.

அவர்கள் வருவதாகச் சொன்ன வாரம் பெருமழை. மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. எனக்கு வர வேண்டிய புதுத் தட்டும் பையும் அடிவாரத்து மருந்துக்கடையில் கிடந்தன. குண்டூர் நாட்டுக்காரர்கள் மலைக்கு மேலேயே இருப்பவர்கள் என்பதால் அவர்கள் வருவதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை. மழை எப்போதும் இப்படித்தான், வர வேண்டியதை நிறுத்தும், வரக்கூடாததை விட்டுவிடும்.

அன்று விடிந்ததும் பார்த்தால், வயிற்றில் இருந்த கடைசித் தட்டின் ஓரம் வாழை இலை வாடியது போல மடங்கி ஈரம் கசிந்தது. பாப்பாயி பிளாஸ்திரி ஒட்டினாள். நிற்கவில்லை. துணியைச் சுற்றினாள். நனைந்தது. வாசலில் நின்று என்ன செய்வதென்று யோசித்தபோது என் கண் எதிரில் இருந்த பலா மரத்தில் விழுந்தது.

எங்கள் மலையில் ஒட்ட வேண்டிய பொருள் எதுவானாலும் அதற்குப் பலாப்பால்தான். குடம் கீறினால் பலாப்பால். முறம் பிய்ந்தால் பலாப்பால். செருப்பு வாய் பிளந்தால் பலாப்பால். காய்ச்சி வைத்துவிட்டால் தண்ணீர் புகாது. குடத்துக்கு நிற்கிற பால் எனக்கு நிற்காதா? இந்த யோசனை டாக்டர்களுக்கு ஏன் வரவில்லை என்று ஒரு நிமிடம் கர்வமாகக்கூட இருந்தது.

ஒரு காயை அறுத்துக் கொட்டாங்கச்சியில் பாலைப் பிடித்து அடுப்பில் காட்டினேன்.

"வேண்டாமுங்க" என்றாள் பாப்பாயி. "கையில பட்டாலே அரை நாளைக்குப் போகாது."

"போகக் கூடாதுன்னுதான புள்ள போடறதே."

குச்சியால் தட்டைச் சுற்றித் தாராளமாகப் பூசினேன். தாராளம் என்றால், ஒரு குடத்துக்கு ஆகிற அளவு. தோல் எரிந்தது. (அந்த எரிச்சல் ஆற ஒரு மாதம் ஆனது. நர்சம்மா பிறகு என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.) ஆனால் கசிவு நின்றுவிட்டது. வாசலில் இரண்டு முறை குதித்துப் பார்த்தேன். சொட்டு இல்லை. கையைத் தேங்காய் எண்ணெய் போட்டுக் கழுவி, புது வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்தேன். ஆப்பரேசனுக்குப் பிறகு முதல் முறையாக இருமாமல் உட்கார்ந்தேன். பலாப்பால் பையையும் அசையாமல் பிடித்திருந்ததால் சத்தம் வரவில்லை.

வேன் வந்து நின்றதும் முதலில் குதித்தவர் பையனின் அப்பா சடையப்பன். குதித்தவர் எங்களைப் பார்த்துக் கும்பிட்டபடியே வீட்டைத் தாண்டி, மிளகுக் கொடிகளுக்குள் போய் மறைந்தார். கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடியும் கும்பிட்டார்.

"மன்னிச்சுக்கோணுங்க. சக்கரை இருக்குது. வண்டியில ஏறுனாப் போதும், எனக்கு நிக்காதுங்க" என்றார்.

அவர் வாழ்நாள் முழுக்க வடக்கே லாரி ஓட்டியவர். பின்னால் வந்த அவர் மனைவி அங்கம்மா ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் வீட்டுக் கூரை, மாடு, கோமதி, நான் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். முடிவு சொல்லப் போகிறவர் யார் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

நான் சடையப்பனுக்குத் தண்ணீர்த் தம்ளரை நீட்டினேன். அவர் பிடித்தார். தம்ளர் என் கையை விட்டுப் போகவில்லை. விரல் இடுக்கில் பால் மிச்சம் இருந்திருக்கிறது.

"குடுங்க" என்றார்.

"எடுத்துக்கோங்க" என்றேன்.

"இல்லீங்க, நீங்க மொதல்ல குடிங்க."

"ஐயோ, வேண்டாமுங்க. நீங்க விருந்தாளி."

இரண்டு பேரும் ஒரே தம்ளரைப் பிடித்துக்கொண்டு உபசாரம் செய்துகொண்டிருந்தோம். கடைசியில் அவர் அப்படியே குனிந்து என் கையிலிருந்தே குடித்தார். "நல்ல மரியாதையான குடும்பம்" என்று அவர்கள் பக்கத்தில் யாரோ சொன்னது காதில் விழுந்தது.

சாப்பாடு முடிந்தது. அங்கம்மா என் பக்கம் திரும்பி, "ஆப்பரேசனுன்னாங்களே, இப்ப ஒடம்பு எப்படிங்க?" என்றார்.

"கல்லுங்க. எடுத்தாச்சுங்க" என்றேன் தரையைப் பார்த்து.

துரைசாமி அண்ணன் உடனே, "நான் கையிலயே வாங்கிப் பார்த்தேனுங்க" என்று சாட்சி சொன்னார். அங்கம்மா தலையாட்டினார். வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டோம். என் பயம் அத்தனையும் போய் உடம்பு லேசாகிவிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த அந்த நேரத்தில் சடையப்பன் எழுந்து இரண்டு கையையும் விரித்தார்.

எங்கள் பக்கம் ஆணும் ஆணும் கட்டிப்பிடிக்கிற வழக்கமில்லை. கும்பிடுவோம், மிஞ்சிப்போனால் தோளில் கை வைப்போம். ஆனால் சடையப்பன் பஞ்சாப் பக்கம் லோடு அடித்தவர். அங்கே எல்லாரும் கட்டிப்பிடிப்பார்களாம். "சம்பந்தீ" என்று வந்து என்னை வயிற்றோடு வயிறாக இறுக்கினார்.

கட்டிப்பிடித்தார். நானும் கூச்சத்தோடு அவர் முதுகில் கை வைத்தேன். கொஞ்ச நேரம் ஆனது. அவர் விடவில்லை. இவ்வளவு பாசமா என்று எனக்குக் கண் நிறைந்தது. நான் விடவில்லை என்று நினைத்து அவருக்கும் நிறைந்தது. பெண்கள் பக்கம் இரண்டு பேர் மூக்கைச் சிந்தினார்கள்.

"போதுங்க சம்பந்தி" என்றேன் மெதுவாக.

"நான் அப்பவே விட்டுட்டேனுங்களே" என்றார்.

பார்த்தால் அவர் இரண்டு கைகளும் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. என் கையும் அப்படித்தான். வயிறுகள் மட்டும் பிரிய மறுத்தன. உடம்புச் சூட்டில் இளகிய பலாப்பால் என் சட்டையைத் தாண்டி அவர் சட்டையையும் பிடித்துவிட்டது. அவர் பின்னால் போனார், நானும் போனேன். நான் இடப்பக்கம் திரும்பினேன், அவரும் திரும்பினார். வாசலில் இரண்டு சுற்றுச் சுற்றினோம். ஆடுகிறோம் என்று நினைத்து யாரோ கை தட்டினார்கள்.

அப்போது சடையப்பன் என் காதில் சொன்னார்: "சம்பந்தி, எனக்கு அவசரமுங்க."

இரண்டு பேரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து மிளகுக் கொடிகளுக்குள் போனோம். "சம்பந்திக ரெண்டு பேரும் தனியாப் பேசப் போறாங்க" என்று துரைசாமி அண்ணன் எல்லாருக்கும் விளக்கம் கொடுப்பது கேட்டது.

"என்னுங்க இது?" என்றார் சடையப்பன். அவர் மூக்குக்கும் என் மூக்குக்கும் ஒரு விரல்கடை இடைவெளி. நான் யார் முகத்தையும் பார்த்துப் பேசிப் பழகாதவன். ரகசியம் சொல்ல இதைவிட மோசமான தூரம் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். புற்று, குடல் துண்டு, தட்டு, பை, குழாய், பலாப்பால். மனைவி மகளைத் தவிர நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

கதை முடிந்தது என்று நினைத்துக் கண்ணைத் திறந்தேன். அவர் என்னை வேறு மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப உங்களுக்கு அவசரமே வராதுங்களா?"

"வராதுங்க. பை ரொம்புனாத் தொறந்து வாத்தறதுதான்."

"ராத்திரி எந்திரிக்க வேண்டியதில்லையா?"

"கட்டில்கிட்ட இன்னொரு பெரிய பை வெச்சு மாட்டிக்குவேனுங்க. விடிய விடியத் தூங்கலாம்."

"லாரியில போனா?"

"உக்காந்த எடத்துலயே இருக்கலாமுங்க."

சடையப்பன் பெருமூச்சு விட்டார். "குடுத்து வெச்ச ஆளுங்க நீங்க" என்றார். என்னை எத்தனையோ டாக்டர்கள் பார்த்திருக்கிறார்கள். பொறாமைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

"ஊட்டுல சொல்லிராதீங்க" என்று கெஞ்சினேன்.

"எதுக்குச் சொல்றேன்? சத்தியமாச் சொல்லமாட்டேன்" என்றவர் அதற்குமேல் தாங்க முடியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு எம்பு எம்பினார். லாரிக்காரர் பலம். பர்ரென்று ஒரு சத்தம். அவர் மரத்துக்குப் பின்னால் ஓடினார். நான் மல்லாந்து விழுந்தேன். குனிந்து பார்த்தால் என் சட்டையின் வலப்பக்கம் இல்லை. தட்டும் இல்லை. பையும் இல்லை. காப்பிப் பழம் மட்டும் காற்று வாங்கிக்கொண்டிருந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து அமுக்கிக்கொண்டு சுற்றிலும் தேடினேன். கீழே எங்கும் பை கிடக்கவில்லை.

அது வாசலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சடையப்பன் வேலை முடிந்த நிம்மதியில் நிமிர்ந்து நடந்து கூட்டத்துக்கு நடுவே போய் நின்றிருக்கிறார். அவர் தொப்பையில் என் சட்டைத் துண்டு, அதில் தட்டு, தட்டிலிருந்து முக்கால்வாசி நிறைந்த பை ஊஞ்சல் போல ஆடிக்கொண்டிருந்தது. நான் மிளகுக் கொடி மறைவிலிருந்து பார்த்தேன்.

"என்னுங்க அது?" என்றார் அங்கம்மா.

சடையப்பன் குனிந்து பார்த்தார். எனக்குக் கொடுத்த சத்தியம் அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"என்னுதுதான்" என்றார்.

"உங்களுதா?"

"ஆமா. ஆப்பரேசன் பண்ணியிருக்குது."

"எப்ப பண்ணுனாங்க?"

"பஞ்சாப்ல."

"காத்தால நாந்தான உங்களுக்கு முதுகு தேச்சு உட்டேன். அப்ப இது எங்க இருந்துச்சு?"

சடையப்பன் யோசித்தார். பை ஆடியது. "கழட்டி வெச்சிருந்தேன்" என்றார்.

கொடிகளுக்கு நடுவே எனக்குக் காடு தெரிந்தது. பத்து எட்டு வைத்தால் போய்விடலாம். எதிரே வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நான் இருக்கிற திசையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த நல்ல மனிதர் எனக்காக இன்னும் என்னென்ன ஆப்பரேசன் செய்துகொள்வாரோ தெரியவில்லை. பாதிச் சட்டையோடு, துண்டை வயிற்றில் அமுக்கியபடி வெளியே வந்தேன்.

"என்னுதுங்க அது" என்றேன். கூட்டத்தில் நான் குரல் எடுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. போதிய சத்தம் வராததால் இரண்டாவது முறையும் சொல்ல வேண்டியிருந்தது. "என்னுதுங்க. புத்து நோய். எடுத்தாச்சுங்க. இதுலதான் இப்பப் போகுதுங்க."

துரைசாமி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்தக் கல்லு?"

"ஓடையில பொறுக்குனதுங்கண்ணா."

அவர் முகத்தில் நான் பார்த்த ஏமாற்றம், எனக்குப் புற்று என்று கேட்டபோதுகூட யார் முகத்திலும் இல்லாதது.

அங்கம்மா தாம்பாளத்திலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். எனக்குத் துண்டு நனைந்துகொண்டே இருந்தது. "இன்னும் இருக்குதுங்களா நோவு?" என்றார்.

"போன தடவை பார்த்துட்டு, இல்லைன்னாங்க."

"வேலை வெட்டி?"

பாப்பாயி முந்திக்கொண்டாள். "மரமேர்றாருங்க. மொளவு பறிக்கறாரு. ஆள் வந்தா மட்டும்தான் ஓடி ஒளிஞ்சுக்குவாரு. அது ஆப்பரேசனுக்கு முன்னயே இருக்கற நோவுங்க."

அங்கம்மா முதல் முறையாகச் சிரித்தார். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டுதான், ஆனால் தோள் குலுங்கியது. "எம் பையன் கட்டிக்கப் போறது உங்க புள்ளைய. உங்க வயித்தை இல்லீங்க. மாத்துன வெத்தலை மாத்துனதுதான். மொதல்ல இந்தாளு மேல இருக்கறதை எடுத்து உங்களுக்கு மாட்டுங்க, பார்க்கச் சகிக்கல" என்றார்.

மாட்ட முடியவில்லை. தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் காலியானது. சடையப்பன் சட்டையைக் கழற்றவும் முடியாமல் போக, கோமதி கத்தரிக்கோலால் மாமனாராகப் போகிறவரைச் சட்டையிலிருந்து வெட்டி எடுத்தாள். எனக்குப் பாப்பாயி பழைய சேலைகளை மடித்து வைத்துக் கட்டினாள். மறுநாள் பையன், மண் சரிந்த இடத்தை நடந்தே தாண்டி, அடிவாரம் போய்த் தட்டும் பையும் வாங்கிவந்தான். பெண் கொடுக்கும் முன்பே மாப்பிள்ளையிடம் இப்படி ஒரு சாமான் வாங்கிய மாமனார் கொல்லிமலையில் நான் ஒருவன்தான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. போட்டோ எடுத்தவர் "சம்பந்திக ரெண்டு பேரும் நெருங்கி நில்லுங்க" என்று சொன்னதும் மண்டபமே வேண்டாம் என்று கத்தியது. குண்டூர் நாட்டிலிருந்து யார் வந்தாலும் இன்றும் எங்கள் வீட்டில் அந்தக் கதைதான். சடையப்பன் சொல்லும்போது ஒட்டியிருந்த நேரம் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போகும். நானும் இருமாமல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

போன மாதம் சந்தைக்கு மிளகு கொண்டுபோனேன். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒருவர் தானாகப் பேச்சுக் கொடுத்தார்.

"பைல் நாட்டுல நடந்த கதை கேட்டீங்களா? ஒருத்தன் வயித்துல பலாப்பாலைப் பூசிட்டுப் போயிச் சம்பந்தியைக் கட்டிப்புடிச்சானாம். மூணு நாள் பிரிக்க முடியலையாம். கடைசியில கொடுவாள் வெச்சு வெட்டித்தான் பிரிச்சாங்களாம்."

"அப்படிங்களா?"

"ஆமாங்க. பாவம், அதுல அந்த ஆளு செத்தே போயிட்டாராம்."

பழைய ஆளாக இருந்தால் டீயைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டு வந்திருப்பேன்.

"சாகலீங்க" என்றேன். "அது நாந்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். டீ கிளாசை எடுத்துக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்து உட்கார்ந்தார்.